பாலையில் நாடமைத்தவர்கள்: மார்மன் தலைவர்களின் குடிபெயர்வும் அரசியலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் பல இலட்சம் பேர். பஞ்சத்துக்கு அஞ்சி ஓடியவர்கள் உண்டு; பொன்னாசையால் புறப்பட்டவர்கள் உண்டு; அரசின் கொடுமைக்குத் தப்பியவர்களும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் குடும்பப் பொறுப்பில், கிடைத்த கப்பலில், கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சென்றவர்களே. ஆனால், 1840-ஆம் ஆண்டு முதல் லிவர்ப்பூல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தாரின் பயணம் வேறு வகையாக இருந்தது. அவர்களுக்காகக் கப்பலை முன்கூட்டியே பேசி அமர்த்தி வைப்பதற்கு ஆள் இருந்தார். கப்பலுக்குள் அவர்கள் பிரிவு பிரிவாகத் தங்கினர். பிரிவுக்கு ஒரு தலைவர், காவலுக்கு முறை, சமையலுக்கு முறை, துப்புரவுக்கு முறை என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. கரையிறங்கும் இடத்திலும் அவர்களை எதிர்கொண்டு அடுத்த வண்டியில் ஏற்றிவிட ஒருவர் காத்திருந்தார்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் துறையில் நின்ற ‘அமேசான்’ என்னும் கப்பலுக்குள் சென்று இக்கூட்டத்தாரை நேரில் பார்த்தார். குறை கண்டு எழுதலாம் என்னும் எண்ணத்தோடு போனவர் அவர். போன இடத்தில் குடியையும் சண்டையையும் கூச்சலையும் காணாமல், அவர்களுடைய ஒழுங்கை வியந்து எழுதிவிட்டுத் திரும்பினார்.

இவர்களே மார்மன்கள். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை என்பது இவர்கள் தம் சபைக்கு இட்ட பெயர். இந்த ஒழுங்கை உண்டாக்கியவர்கள் பல்கலைக்கழகம் சென்றவர்களும் அல்லர்; அரசு அலுவல் பார்த்துப் பழகியவர்களும் அல்லர். ஒருவர் உழவர் மகன். மற்றொருவர் தச்சுவேலையும் வண்ணம் பூசும் வேலையும் பார்த்தவர். அவர்கள் கட்டிய ஒழுங்கு பல்லாயிரம் ஏழைகளைக் கடலும் பாலையும் கடக்க வைத்தது. அதே ஒழுங்கைக் கண்டு அண்டை அயலார் அஞ்சினர். பலமுறை அவர்களை ஊரைவிட்டே விரட்டினர். இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதுதான் இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது.

கூடும் கோட்பாடு

ஜோஸப் ஸ்மித் 1805-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் ஷாரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். நிலம் நிலைக்காத உழவர் குடும்பம். ஊர் ஊராக மாறி, இறுதியில் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவுக்கு வந்து சேர்ந்தது. பொற்றகடுகளிலிருந்து இறையருளால் மொழிபெயர்த்ததாகக் கூறி ‘மார்மன் நூல்’ என்பதை அவர் 1830-இல் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் சபையும் தொடங்கப்பட்டது. அந்நூலின் சமயக் கொள்கைகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. வரலாற்றுக்கு வேண்டியது ஒரு கோட்பாடே. அதனைக் ‘கூடுதல்’ என்று அழைத்தனர்.

சபையில் சேர்ந்தவர் இருந்த ஊரிலேயே இருந்து வழிபட்டால் போதாது. நம்பிக்கையுடையோர் அனைவரும் ஓரிடத்தில் வந்து கூடி, சீயோன் என்னும் புனித நகரைக் கட்டவேண்டும் என்றார் ஸ்மித். மதம் மாறியவர் கோயிலை மாற்றிக்கொள்வது உலகியல்பு. இவர்களோ ஊரையே மாற்றிக்கொண்டனர். முதலில் ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லாந்துக்கும், அதே காலத்தில் மேற்கு எல்லையிலிருந்த மிசௌரி மாநிலத்துக்கும் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டினர்.

இக்கோட்பாட்டின் அரசியல் விளைவை ஸ்மித் முதலில் முழுமையாக உணர்ந்திருந்தார் என்று சொல்வதற்கில்லை. எல்லைப்புறக் கவுண்டிகளில் அன்று மக்கள் தொகை மிகச் சிறிது. சில நூறு வாக்குகள் ஒரு பக்கம் சாய்ந்தால் நீதிபதியும் மாறுவார், காவல் தலைவரும் மாறுவார், வரி விதிப்பவரும் மாறுவார். அத்தகைய இடத்தில் ஒரே தலைவரின் சொல் கேட்டு நடக்கும் ஆயிரம் பேர் வந்து இறங்கினால், ஏற்கெனவே இருப்பவர்கள் அதை வெறும் சமயச் செய்தியாகக் கருதுவார்களா?

மிசௌரியில் ஜாக்சன் கவுண்டியின் இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊரே சீயோன் அமையும் இடம் என்று 1831-இல் ஸ்மித் அறிவித்தார். 1833-இல் அக்கவுண்டியில் மார்மன்கள் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். அது அங்கிருந்த மக்களில் மூன்றிலொரு பங்கு. மிசௌரி அடிமை முறை நிலவிய மாநிலம். வந்தவர்களோ பெரும்பாலும் வட மாநிலத்தவர். அவர்களுடைய செய்தித்தாளில் விடுதலை பெற்ற கறுப்பர்களைப் பற்றி டபிள்யூ. டபிள்யூ. பெல்ப்ஸ் எழுதிய ஒரு கட்டுரை அடிமையுடையோரின் ஐயத்தை வளர்த்துவிட்டது. 1833-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ஒரு கும்பல் அவ்வச்சகத்தை இடித்துத் தள்ளியது. நவம்பரில் மார்மன்கள் அனைவரும் அக்கவுண்டியை விட்டுத் துரத்தப்பட்டனர்.

பின்னர் 1836-இல் மாநிலச் சட்டமன்றம் அவர்களுக்கென்றே கால்டுவெல் என்னும் புதுக் கவுண்டியை வகுத்துக் கொடுத்தது. இதற்கிடையே கர்ட்லாந்தில் ஸ்மித் தொடங்கிய வங்கி 1837-இல் முறிந்துபோயிற்று. பொருளை இழந்தோர் பலர் சபையைவிட்டு விலகினர். 1838-இல் ஸ்மித்தும் மிசௌரிக்கே வந்து சேர்ந்தார். ஆள் பெருகப் பெருக, குடியேற்றம் கால்டுவெல் எல்லையைத் தாண்டி அண்டைக் கவுண்டிகளிலும் பரவியது. மீண்டும் பழைய அச்சம் தலைதூக்கியது.

வாக்குச்சாவடியில் தொடங்கிய போர்

1838-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் காலட்டின் என்னும் ஊரில் தேர்தல். மார்மன்கள் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் தடுத்தது, கைகலப்பு மூண்டது. அடுத்த மூன்று மாதங்கள் இருதரப்பிலும் வீடுகள் எரிந்தன. மார்மன்கள் தரப்பில் தவறே இல்லை என்று எழுதுவது நேர்மையாகாது. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 4-ஆம் நாள் விழாவில், ஸ்மித்தின் துணைவரான சிட்னி ரிக்டன், தங்களைத் தாக்க வருவோரைப் பூண்டோடு ஒழிப்போம் என்னும் பொருள்படப் பேசியிருந்தார். அந்தச் சொல் திரும்பி வந்தது. அக்டோபர் 27-ஆம் நாள் மிசௌரி கவர்னர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களைப் பகைவராகக் கருதி அழிக்கவேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்டவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். மூன்று நாள் கழித்து ஹான் ஆலை என்னும் சிறு குடியிருப்பில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவனும் ஒருவன்.

ஸ்மித்தைப் பிடித்த படைத்தலைவர் அவரை மறுநாள் காலை ஊர்ச் சதுக்கத்தில் சுட்டுவிடுமாறு கட்டளையிட்டார். அலெக்சாண்டர் டோனிபன் என்னும் வழக்கறிஞர், அப்படையில் ஒரு பிரிவுக்குத் தலைவராயிருந்தவர், அது கொலையேயாகும் என்று சொல்லிக் கட்டளைக்குப் பணிய மறுத்தார். ஸ்மித் பிழைத்தார், லிபர்ட்டி ஊர்ச் சிறையில் குளிர்காலத்தைக் கழித்தார். பாக்ஸின் ஆணை 1976-ஆம் ஆண்டிலேதான் மிசௌரி கவர்னர் ஒருவரால் முறையாக நீக்கப்பட்டது.

தலைவர் சிறையில், மக்கள் தெருவில். இந்நிலையில்தான் பிரிகாம் யங் முன்னுக்கு வருகிறார். 1801-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், ஸ்மித்தைப் போலவே வெர்மான்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சில நாட்களே. தச்சர், கண்ணாடிச் சட்டம் பொருத்துபவர், வண்ணம் பூசுபவர். பன்னிரு அப்போஸ்தலருள் மூத்தவர் என்னும் நிலை அப்போது அவருக்கு வந்திருந்தது. 1839 ஜனவரியில் அவருடைய முயற்சியால் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. வசதியுடையோர் தம் உடைமைகளை ஈடாக வைத்து, வசதியற்றோர் ஒருவரும் மிசௌரியில் விடுபட்டுப் போகாதபடி வெளியேற்ற உதவுவது என்பது அதன் சாரம். இருநூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஓடுகிறவன் தன் மூட்டையைத்தான் முதலில் பார்ப்பான் என்பது உலக வழக்கு. அந்த நேரத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர் யங். பிற்காலத்தில் எழுந்த பெரிய குடிபெயர்வு நிதிக்கு வித்து இந்த ஒரு தாளில் இருக்கிறது.

நாவூ நகரம்

மிசௌரியை விட்டவர்களுக்கு இல்லினாய் மாநிலத்துக் குவின்ஸி மக்கள் உணவும் உறைவிடமும் தந்தனர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் சதுப்பு நிலமொன்றை வாங்கி அதற்கு நாவூ என்று பெயரிட்டனர். ஸ்மித் வாஷிங்டனுக்கே சென்று ஜனாதிபதி வான் பியூரனிடம் முறையிட்டார். மிசௌரியின் வாக்குகளை எண்ணிப் பார்த்த ஜனாதிபதி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார். மைய அரசு கைவிட்டதென்று கண்ட ஸ்மித், தமக்கு வேண்டிய காப்பைத் தம் நகரத்திலேயே அமைத்துக்கொள்ள முனைந்தார்.

இல்லினாயில் விக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஏறக்குறைய சம வலிமையுடன் இருந்தன. இரண்டுக்கும் மார்மன் வாக்குகள் தேவைப்பட்டன. 1840 டிசம்பரில் நாவூவுக்கு ஒரு நகர சாசனம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. சொந்த நகர்மன்றம், ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் அதிகாரமுள்ள நகர நீதிமன்றம், நாவூப் படை என்னும் குடிப்படை ஆகிய மூன்றும் அதில் கிடைத்தன. ஸ்மித் 1842-இல் நகரத் தந்தையானார். படைக்குத் தளபதியும் அவரே. நீதிமன்றத் தலைமையும் அவரே. சபைக்கு இறைவாக்கினரும் அவரே. துன்பப்பட்டவர் தற்காப்புத் தேடியதில் வியப்பில்லை. ஆனால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மாநிலத்துக்குள் ஒரு மாநிலமாகத் தெரிந்தது.

ஆள் வரவும் பெருகிற்று. 1837-இல் ஹீபர் கிம்பலும் பிறரும் இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரில் தொடங்கிய பிரசாரத்தை, 1840-இல் யங்கும் மற்ற அப்போஸ்தலர்களும் நேரில் சென்று வளர்த்தனர். ஆலைத் தொழிலாளரும் கைத்தொழிலாளரும் திரளாகச் சேர்ந்தனர். 1840 ஜூனில் ‘பிரிட்டானியா’ கப்பலில் 41 பேர் முதலில் புறப்பட்டனர். ஆறாண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் பிரிட்டனிலிருந்து வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு கப்பலும் நாவூவின் வாக்காளர் பட்டியலை நீட்டியது.

1843-ஆம் ஆண்டுக் காங்கிரஸ் தேர்தலில் நடந்ததைச் சொன்னால் நிலைமை விளங்கும். சைரஸ் வாக்கர் என்னும் விக் வேட்பாளர், ஒரு வழக்கில் ஸ்மித்துக்கு உதவிய வழக்கறிஞர். தம் வாக்கு அவருக்கே என்று ஸ்மித் உறுதி சொல்லியிருந்தார். தேர்தலுக்கு முன் ஸ்மித்தின் தமையனார் ஹைரம், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹோகுக்கு வாக்களிக்குமாறு இறைவெளிப்பாடு வந்திருப்பதாகக் கூறினார். ஸ்மித் தம் ஒரு வாக்கை வாக்கருக்கே போட்டார், ஊர் முழுதும் ஹோகுக்குப் போட்டது, ஹோக் வென்றார். விக் கட்சியார் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தனர். வென்ற கட்சிக்கோ அடுத்த முறை இந்த வாக்குகள் எப்பக்கம் பாயுமோ என்ற கலக்கம். இருவரையும் துணையாகப் பெற்ற சபை, ஒரே நாளில் இருவரையும் இழந்துவிட்டது.

1844-இல் ஸ்மித் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டார். வேடிக்கையென்று தள்ளிவிடக் கூடியதன்று அவருடைய அறிக்கை. பொது நிலங்களை விற்ற பணத்தில் ஈடு கொடுத்து 1850-க்குள் அடிமைகளை விடுவிக்கவேண்டும். காங்கிரஸ் உறுப்பினர் தொகையைக் குறைக்கவேண்டும். மாநிலக் கவர்னர் கேட்காவிட்டாலும் கும்பல் வன்முறையை அடக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் வேண்டும் என்று அது கேட்டது. கடைசிக் கோரிக்கையில் மிசௌரியின் வடு தெரிகிறது. முந்நூறுக்கு மேற்பட்ட பிரசாரகர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டனர்.

ஆனால், அதே ஆண்டில் ஸ்மித் தாமே பெரும்பிழை செய்தார். சபையிலிருந்து பிரிந்த சிலர், அவருடைய இரகசியப் பலதார மணத்தையும் அதிகாரக் குவிப்பையும் கண்டித்து ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்னும் ஏட்டை ஜூன் 7-ஆம் நாள் வெளியிட்டனர். ஒரே இதழ்தான் வந்தது. மூன்றாம் நாள், நகர்மன்றத் தீர்மானத்தின்படி, நகரத் தந்தையான ஸ்மித்தின் ஆணையால், அதன் அச்சுப்பொறி தெருவில் போட்டு உடைக்கப்பட்டது. பதினோராண்டுக்கு முன் தம் அச்சகம் இடிக்கப்பட்டபோது நீதி கேட்டு அழுதவர்கள் இவர்கள்! அச்சுப்பொறியை உடைத்த கையைச் சட்டத்தின் கை என்று அயலார் ஒப்பவில்லை. கார்த்தேஜ் சிறையில், கவர்னர் ஃபோர்டின் காப்புறுதியை நம்பிச் சரணடைந்திருந்த ஸ்மித்தையும் ஹைரமையும் ஜூன் 27-ஆம் நாள் முகத்தில் கரி பூசிய கும்பல் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டு ஐவர் மீது வழக்கு நடந்தது, ஐவரும் விடுதலையாயினர்.

பெரும் புறப்பாடு

ஸ்மித்துக்குப் பின் தலைமை யாருக்கு? ஆகஸ்டு 8-ஆம் நாள் கூடிய மக்கள், ரிக்டனை விடுத்துப் பன்னிருவரையும் அவர்களுக்கு மூத்தவரான யங்கையும் ஏற்றுக்கொண்டனர். 1845 ஜனவரியில் சட்டமன்றம் நாவூ சாசனத்தைப் பறித்தது. இனி இங்கு இருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 1846 பிப்ரவரியில், மிசிசிப்பி குளிரில் விறைத்திருந்த வேளையில், முதல் வண்டிகள் ஆற்றைக் கடந்தன.

ஐயோவாவின் சேற்றில் ஏறத்தாழ 300 மைலைக் கடக்க நான்கு மாதம் பிடித்தது. முன்னே சென்றவர்கள் கார்டன் குரோவ், மவுண்ட் பிஸ்கா என்னும் இடங்களில் நிலத்தை உழுது விதைத்துவிட்டுச் சென்றனர். அறுத்து உண்டவர்கள் பின்னே வந்தவர்கள். அதே கோடையில் மெக்சிக்கோவுடன் போர் மூண்டிருந்தது. தம்மைக் காக்க மறுத்த அரசின் படைக்கு 500 ஆட்களைத் தர யங் இசைந்தார். தாய்மாரும் மனைவியரும் இதனை எளிதில் ஏற்கவில்லை. யங்கின் கணக்கோ வேறு: ஒவ்வொரு வீரனுக்கும் உடைக்காகக் கொடுக்கப்பட்ட 42 டாலரில் பெரும்பகுதி முகாமிலிருந்த குடும்பங்களை நகர்த்தப் பயன்பட்டது, செவ்விந்தியர் நிலத்தில் குளிர்காலம் தங்க அரசின் இசைவும் கிடைத்தது. அந்த வீரர்கள் சான்டியகோ வரை நடந்தே சென்றனர்.

மிசௌரி ஆற்றங்கரைக் குளிர்கால முகாமில் நோயாலும் உணவுக் குறையாலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அங்கேதான் 1847 ஜனவரியில் யங் பயண ஒழுங்கை வகுத்தார்: பத்துப் பேருக்கு ஒரு தலைவர், ஐம்பது பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர். ஏப்ரலில் 143 ஆடவரும் 3 பெண்களும் 2 சிறுவரும் கொண்ட முன்னணிக் குழு புறப்பட்டது. ஆடவருள் மூவர் கறுப்பு அடிமைகள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியை 111 நாளில் கடந்தனர். ஜூலை 24-ஆம் நாள், காய்ச்சலில் வண்டிக்குள் படுத்தவாறே, யங் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அவருக்கு முன் வந்தவர்கள் ஓடையை மறித்து நிலத்தில் நீர் பாய்ச்சி உருளைக்கிழங்கு நட்டிருந்தனர்.

அந்த இடத்தைத் தேர்ந்ததில் ஆழ்ந்த அரசியல் இருந்தது. அது அன்று அமெரிக்காவுக்குள்ளேயே இல்லை. மெக்சிக்கோவின் பெயரளவான எல்லைக்குள் இருந்தது. வளமான நிலமாயின் பிறர் வருவார்கள். வந்தால் மீண்டும் வாக்குச் சண்டை. யாரும் விரும்பாத நிலமே பாதுகாப்பு என்று கருதினார் யங். ஆனால், 1848 பிப்ரவரி உடன்படிக்கையால் அப்பகுதி அமெரிக்காவுக்கே வந்துவிட்டது. விட்டு ஓடிய கொடி அவர்களைத் துரத்திக்கொண்டு வந்து தலைமேல் ஏறிற்று.

தேனீக்களின் நாடு

1849-இல் அவர்கள் ‘டெசரெட்’ என்னும் மாநிலத்தைத் தாமே அமைத்துக் காங்கிரஸின் ஒப்புதல் கேட்டனர். மார்மன் நூலில் அச்சொல்லுக்குத் தேனீ என்பது பொருள். பசிபிக் கரையில் ஒரு துறைமுகம் வரை எல்லை கேட்டதற்குக் காரணம், குடிபெயர்வோர் கடல் வழியாக நேரே வந்திறங்கவேண்டும் என்பதே. காங்கிரஸ் எல்லையைச் சுருக்கி, பெயரையும் மாற்றி, 1850-இல் யூட்டா ஆட்சிப்பகுதியாக்கியது. யங்கையே கவர்னராக நியமித்தது. ஓடை நீரும் மலைக் காடும் தனியார் உடைமையாகா என்று யங் விதித்திருந்தார். பாசனத்தால் விளைந்த நிலத்துக்கு ஆள் வேண்டும். ஆள் வந்தால்தான் மாநில உரிமை கேட்க முடியும். 1850 குடிக்கணக்கில் 11,380 பேர். 1860-இல் 40,000-ஐத் தாண்டியது.

இப்பெருக்கத்துக்குக் கருவியாக இருந்தது 1849-இல் தொடங்கிய நிரந்தரக் குடிபெயர்வு நிதி. ஏழைக்குப் பயணச் செலவைக் கடனாகக் கொடுப்பது; அவர் யூட்டா வந்து உழைத்துப் பணமாகவோ தானியமாகவோ கால்நடையாகவோ உழைப்பாகவோ திருப்பிக் கொடுப்பது; அப்பணத்தில் அடுத்தவரை அழைப்பது. இதுவே அதன் முறை. கடன் திரும்புவது மெதுவாகவே இருந்தது. ஏடுகளில் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. இருப்பினும் இங்கிலாந்து, வேல்ஸ், டென்மார்க், சுவீடன் நாடுகளிலிருந்து பல்லாயிரவர் இந்நிதியால் வந்து சேர்ந்தனர்.

புகலிடம் தேடி வந்தவர்களால் வேறு சிலர் புகலிடம் இழந்தனர். யூட், ஷோஷோனி, பையூட் முதலிய செவ்விந்திய இனத்தார் வாழ்ந்த நிலம் அது. நீரும் மீனும் நிறைந்த பள்ளத்தாக்குகளில் குடியேற்றம் பரவவே, அவர்களுடைய உணவு அற்றுப் போயிற்று. 1850 பிப்ரவரியில் பிரோவோ அருகே யங்கின் இசைவோடு சென்ற குடிப்படை யூட் மக்கள் பலரைக் கொன்றது. 1852-இல் யூட்டாச் சட்டமன்றம் கறுப்பர் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு அளித்தது. எட்டாண்டுக்கு முன் ஸ்மித் கேட்ட அடிமை விடுதலையை இச்சட்டத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். அதே ஆண்டில் கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் இல்லையென்று யங் அறிவித்தார். அத்தடை 1978 வரை நீடித்தது.

சாவேஜ் சொன்ன சொல்

1855-இல் வெட்டுக்கிளி பயிரை அழித்தது, நிதி வறண்டது. இங்கிலாந்திலோ ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். மாட்டு வண்டி வாங்கப் பணமில்லாவிட்டால் கைவண்டி தள்ளி நடந்தே வரட்டும் என்று யங் எழுதினார். ஐந்து பேருக்கு ஒரு வண்டி. தலைக்கு 17 இராத்தல் மூட்டை. நாளுக்கு ஓர் இராத்தல் மாவு. ஐயோவா நகரிலிருந்து 1,300 மைல் நடை. 1856-இல் முதல் மூன்று குழுக்கள் நலமாகவே வந்து சேர்ந்தன. ஜேம்ஸ் வில்லி, எட்வர்டு மார்ட்டின் என்போர் தலைமையில் வந்த நான்காவது, ஐந்தாவது குழுக்களின் கதை வேறு. கப்பல்கள் பிந்தின; வண்டிகள் ஆயத்தமாக இல்லை; காயாத பச்சை மரத்தில் அவசர அவசரமாகச் செய்தனர். ஆகஸ்டு நடுவில் வில்லி குழு ஃபுளோரன்ஸ் ஊரை அடைந்தபோது, இனிப் போவதா, அங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா என்ற கேள்வி எழுந்தது.

அங்கே எழுந்து பேசியவர் லீவை சாவேஜ். அவரைப் பற்றிக் கீழ்த்திசை வாசகர் அறிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. 1852-இல் சயாமுக்குப் பிரசாரகராக நியமிக்கப்பட்டு, 1853-இல் கல்கத்தாவில் இறங்கி, பர்மாவில் ரங்கூனிலும் மோல்மேனிலும் தங்கி, சயாம் செல்ல முடியாமலே திரும்பியவர் அவர். அவரோடு கப்பலில் வந்த ரிச்சர்டு பாலன்டைன் சென்னைக்குச் சென்று ஏறத்தாழ ஓராண்டு இருந்து, ஒரு மாத ஏடும் நடத்தினார். கீழ்த்திசையில் இவர்களுடைய பிரசாரம் அன்று பலிக்கவில்லை. நான்காண்டு கழித்துத் தாயகம் திரும்பும் வழியில் சாவேஜ் இக்குழுவுக்குத் துணைத் தலைவர்களுள் ஒருவராக்கப்பட்டார்.

மலைவழியை முன்னரே அறிந்திருந்த அவர், முதியவரும் பெண்டிரும் குழந்தைகளும் இக்காலத்தில் போனால் பனியில் மடிவார்கள் என்று கண்ணீரோடு எச்சரித்தார். இறைவன் காப்பான் என்று மற்றத் தலைவர்கள் அவரை மறுத்தனர். நம்பிக்கைக் குறைவு என்று கடிந்தனர். கை தூக்கி முடிவெடுத்தபோது பெரும்பாலோர் போவதற்கே இசைந்தனர். தாம் சொன்னது உண்மை என்று அறிந்தும், உடன் வருவதாகவும், பாடுபடுவதாகவும், வேண்டுமானால் உடன் இறப்பதாகவும் சொல்லிச் சாவேஜும் வண்டியோடு நடந்தார். வழியில் எருமைக் கூட்டம் சிதறடித்ததில் மாவு வண்டி இழுத்த மாடுகள் பல காணாமற் போயின. செப்டம்பரில் குதிரை வண்டியில் அவர்களைக் கடந்து சென்ற அப்போஸ்தலர் பிராங்க்ளின் ரிச்சர்ட்ஸும் சாவேஜையே கண்டித்தார்.

அக்டோபர் 19-ஆம் நாள் பனிப்புயல் தொடங்கிற்று. இவர்கள் இன்னும் வழியில் இருப்பதை ரிச்சர்ட்ஸ் வந்து சொன்ன பிறகே யங் அறிந்தார். மறுநாள் அக்டோபர் 5, சபை மாநாடு. அன்று அவர் வேறு சமயப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. கோவேறு கழுதையும் வண்டியும் மாவும் ஓட்டுநரும் வேண்டும், உடனே போய் அவர்களைக் கொண்டுவாருங்கள் என்றார். இரண்டு நாளில் முதல் வண்டிகள் புறப்பட்டன. மாநாட்டு மேடையிலிருந்து ஒரு சொல் கிளம்பி வண்டியாக மாறும் விரைவு வேறெந்த அரசுக்கும் அன்று வாய்க்கவில்லை. ஆயினும் இரு குழுக்களிலுமாக ஏறத்தாழ ஆயிரம் பேரில் இருநூறுக்கு மேல் மாண்டனர். பின்னர் யங், காலந்தாழ்த்தி அனுப்பியதற்காக ரிச்சர்ட்ஸையும் பிறரையும் வெளிப்படையாகப் பழித்தார். கைவண்டித் திட்டம் யாருடையது என்பதைப் பழிக்கும்போது அவர் நினைவுகூரவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் குழுக்கள் முன்கூட்டியே புறப்பட்டன. 1860 வரை பத்துக் குழுக்களில் மூவாயிரம் பேர் அளவில் கைவண்டியோடு நடந்தனர்.

நிதியைக் கலைத்த சட்டம்

1852-இல் பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்த பின், வாஷிங்டனின் பகை முற்றிற்று. 1857-இல் ஜனாதிபதி புக்கனன் யங்கை நீக்கிப் புதிய கவர்னரைப் படையோடு அனுப்பினார். அச்சமும் போர்ப்பேச்சும் நாட்டை நிறைத்திருந்த வேளையில், செப்டம்பர் 11-ஆம் நாள், தெற்கே மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில், கலிபோர்னியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஏறத்தாழ 120 பயணிகளை மார்மன் குடிப்படையினர் பையூட்டுகள் சிலரின் துணையோடு, சரணடையச் செய்து கொன்றனர். அவர்களைப் போகவிடுமாறு யங் எழுதிய கடிதம் கொலைக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் ஜான் லீ ஒருவரே; 1877-இல் சுடப்பட்டார். தாமே வழிப்பயணத்தில் மாண்டவர்களின் உறவினர், வழிப்பயணிகளைக் கொன்ற இச்செயலே மார்மன் வரலாற்றின் மாறாக் கறை.

1858-இல் யங் மீண்டும் தமக்குத் தெரிந்த கருவியையே எடுத்தார். வட யூட்டாவில் ஏறத்தாழ 30,000 பேர் வீடுகளில் வைக்கோலைப் பரப்பித் தீயிட ஆயத்தமாக விட்டுத் தெற்கே நகர்ந்தனர். ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்கப் படை வெறுந்தெருக்களின் வழியே சென்றது. தாமஸ் கேன் என்னும் நண்பர் நடுநின்று பேசியதால் போர் மூளவில்லை. யங் கவர்னர் பதவியை விட்டார். சபைத் தலைமையோ 1877 ஆகஸ்டில் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. அதற்குள் 300-க்கு மேற்பட்ட ஊர்கள் அவருடைய திட்டத்தால் எழுந்திருந்தன.

1869-இல் இருப்புப்பாதை முடிந்தபின் நடைப்பயணம் ஓய்ந்தது. அதற்குள் 60,000-க்கு மேற்பட்டோர் நிலவழியாக வந்துவிட்டனர். சபையின் ஐம்பதாம் ஆண்டான 1880-இல், இங்கிலாந்தில் பிறந்து தாமும் குடிபெயர்ந்து வந்தவரான ஜான் டெய்லர் தலைமையில், நிதிக்கு ஏழைகள் தரவேண்டிய கடனில் பாதி தள்ளப்பட்டது. மைய அரசு இப்போது குடிபெயர்வையே குறிவைத்தது. 1879-இல் வெளிநாட்டமைச்சர் எவர்ட்ஸ், மார்மன்கள் கப்பலேறுவதைத் தடுக்க உதவுமாறு ஐரோப்பிய அரசுகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். யூட்டாப் பெண்கள் 1870-இல் வாக்குரிமை பெற்றிருந்தனர். பலதார மணத்தைப் பெண்களே வாக்கால் ஒழிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். எனவே 1887-ஆம் ஆண்டு எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் அவ்வுரிமையைப் பறித்தது. சபையின் சட்ட உருவையும் கலைத்தது. நிரந்தரக் குடிபெயர்வு நிதியையும் பெயர் சொல்லிக் கலைத்தது. பலதார மணத்தைத் தடுக்க வந்த சட்டத்தில் பயணக் கடன் நிதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதனை எழுதியவர்கள், கப்பல் வருவது நின்றால் வாக்கும் நிற்கும் என்று அறிந்திருந்தனர்.

1890-இல் சபைத் தலைவர் வில்ஃபர்டு உட்ரஃப் புதிய பலதார மணங்களை நிறுத்துவதாக அறிவித்தார். மறு ஆண்டு சபையின் மக்கள் கட்சி கலைக்கப்பட்டு, மார்மன்கள் நாட்டின் இருபெருங் கட்சிகளிலும் பிரிந்து சேர்ந்தனர்; ஒரே பக்கம் சாயும் வாக்கு என்னும் அச்சம் தணிந்தது. 1896-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் யூட்டா 45-ஆவது மாநிலமாயிற்று. பெண்களின் வாக்குரிமையும் அதன் அரசியலமைப்பில் மீண்டது. அதற்குள் சபைத் தலைவர்கள், புதிதாகச் சேர்வோர் இனிக் கப்பலேற வேண்டா, தத்தம் நாட்டிலேயே தங்கிச் சபையை வளர்க்கலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தனர்.